பழைய கருநிரலை அழிக்காத கொற்றியின் பொருட்டு விடுத்த ஓலை

வாழி! அலை ஓயாத ஆழிக்கோட்டு நாட்டின் அதிபரும், முத்துக்குடையும் சங்கக்கொடியும் உடையவரும், காரிமாதேவியாரின் திருவயிற்றில் உதித்தவரும், மணிமாடத்து அரியணையில் வீற்றிருந்து செங்கோல் செலுத்துபவருமாகிய திருமிகு இருங்கோள வேந்தர் திருமுன்பு, அவர்தம் மூத்த உடன்பிறப்பும் சுரபுன்னைத் தீவின் காவல் பூண்டவருமாகிய அரியநாச்சியார் எழுதுவித்து விடுக்கும் ஓலை. வேந்தர் நலம் பெறுக. அவர் கோட்டைக் கதவு திறக்கும்போதெல்லாம் நல்ல செய்தியே முதலில் நுழைக. அவர் அவையில் உண்மை சொல்பவர் ஒருவரேனும் இருக்கை பெறுக. மூன்றாவதாகச் சொன்ன இவ்வாழ்த்து வழக்கத்தில் இல்லாதது என்பதை நாச்சியார் அறிவார். அறிந்தே சேர்க்கச் சொன்னார்.

கணினியில் தட்டினால் கண் இமைக்கும் முன் மாடத்தில் விரியவேண்டிய செய்தியை ஓலையில் எழுதி மீன்படகில் ஏற்றுவது ஏன் என்று அவையோர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். தீவின் கணினிகளில் கம்பியில்லா வலை செத்துக் கிடக்கிறது. கடலடியில் ஒரு கம்பி போட்டுத் தாருங்கள் என்று அன்னையார் காலத்திலிருந்து கேட்டும் கிடைக்காத தீவு இது. அலைக்கோபுரத்தின் வழியே காற்றில் வரும் ஒய்ஃபை ஒன்றுதான் இதற்குக் காதும் வாயும். அதுவும் போனபின், விசிறி முடைபவர் வீட்டில் கேட்டு வாங்கிய ஓலையில், எழுத்தாணி பிடித்துப் பழகாத எழுத்தர் தம் விரலைக் குத்திக்கொண்டு எழுதுகிறார். ஓரத்தில் தெரியும் கறை மை அன்று. அதற்காக அவர் மன்னிப்புக் கோருகிறார், நாச்சியார் கோரவில்லை.

நடந்ததை வேந்தர் முதலிலிருந்து அறிக. முடிசூட்டு நாள் விழாவையொட்டி நாட்டின் அரசுக் கணினிகள் யாவும் புதிய கருநிரல் பூணவேண்டும் என்று மாடத்திலிருந்து ஆணை வந்தது. கருநிரல் என்பது கெர்னல் என்று பிறநாட்டார் சொல்வது. கணினிக்குள் அமர்ந்து, திரை, விசை, வலை என ஒவ்வோர் அங்கத்தையும் ஏவல் கொள்வது. புதியது வருவதில் பிழையில்லை. பழைய ஓட்டைகள் அடைபடும், திருடர் நுழையும் வழி மூடும். ஆனால் ஆணையின் கடைசி வரியில் பேரமைச்சர் தாழைநம்பியார் தம் பக்தியையும் சேர்த்து எழுதியிருந்தார். புதிய வேந்தர் அரியணை ஏறும் நாளில் முந்தையவரின் முத்திரைகளை மாடத்துப் படியில் வைத்துச் சம்மட்டியால் உடைப்பது நம் குல வழக்கம். ஓர் அரியணையில் இருவர் ஆணை செல்லாது என்பது அதன் பொருள். அவ்வாறே, புதிய கருநிரல் ஏறிய அந்நாழிகையிலேயே பழையதை அடியோடு அழித்துவிட வேண்டும், அழிக்காமல் வைத்திருப்பவர் துரோகி எனக் கொள்ளப்படுவர் என்று அவர் விதித்திருந்தார். மனிதருக்கென்று வகுத்த சடங்கை இயந்திரத்துக்கும் செய்துபார்க்கும் மேதைமை வேறெந்த நாட்டு அவைக்கும் வாய்க்காது.

இத்தீவின் கணிக்காவலர் கொற்றி என்பவள். மாடத்துக் கணிக்கல்லூரியில் படித்தவள். அங்கே தேர்வில் தாழைநம்பியாரின் மருமகனைப் பின்தள்ளியதால்தான் இந்த உப்புக்காற்றுக்கு அனுப்பப்பட்டாள் என்று ஊர் சொல்கிறது. வாய்த்துடுக்கு மிக உண்டு. கடவுச்சொல்லை மறந்தமைக்காக நாச்சியாரையே பலர் முன்னிலையில் கடிந்துகொண்டவள். அப்படிப்பட்டவள் மாடத்துக்குப் பணிவாக ஒரு கேள்வி விடுத்தாள். தீவுக் கணினிகளில் வலையைப் பிடிக்கும் சில்லு பழையது. அதை நடத்தும் இயக்கி கருநிரலோடு சேர்ந்து வருவதன்று, தனியே சேர்ப்பது. கருநிரல் மாறும்போதெல்லாம் அவ்வியக்கியைப் புதியதற்கேற்ப மறுபடி கட்டியாக வேண்டும், கட்டுவதற்குப் புதிய கருநிரலின் உள்ளமைப்பைச் சொல்லும் தலைப்புக் கோப்புகள் வேண்டும், ஆணையோடு அவையும் வருமா என்பதே அவள் கேட்டது. மறுமொழியாக விழாப் பந்தலின் படம் ஒன்றும், ஆணைக்குக் கேள்வி கிடையாது என்ற வரி ஒன்றும் வந்தன. படம் மிக அழகாக இருந்தது.

விழா நாளன்று ஆணை நிறைவேறியது. கணினிகள் அணைந்து எழுந்தன. எழுந்தபோது திரை இருந்தது, விசைகள் இருந்தன, வலைக்குறியை மட்டும் காணோம். அலை வலுவிழந்தது என்றோ கடவுச்சொல் தவறு என்றோ காட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். தனக்கு அப்படியோர் அங்கமே கிடையாது என்று கணினி சாதித்தது. தீவின் அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தார்கள். அணைத்து அணைத்து எழுப்பினார்கள். கோபுரத்தின் மீதேறி உப்பைத் துடைத்தார்கள். சுங்கத் தலைவர் தம் கணினிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அந்தப் புகையில் அவருக்கே இருமல் வந்தது.

கொற்றி அனைவரையும் விலகி நிற்கச் சொன்னாள். கணினி எழும்போது தனக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புகளை வரி வரியாகப் படித்தபின், கோபுரத்தில் ஒரு கோளாறும் இல்லை, புதிய கருநிரலுக்கு இயக்கி இல்லை, அவ்வளவே என்றாள். தலைப்புக் கோப்புகளை இறக்கினால் இயக்கியைக் கட்டிவிடலாம். இறக்குவதற்கு வலை வேண்டும். வலைக்கு இயக்கி வேண்டும். கிணற்றில் விழுந்த கயிற்றை எடுக்க அந்தக் கயிறே வேண்டியிருந்தது. பிற நாடுகளில் இதற்கு எளிய வழி உண்டாம். கணினி எழும் தறுவாயில் பழைய கருநிரலைத் தேர்ந்துகொண்டால், பழைய இயக்கியோடு வலையும் மீண்டுவிடுமாம். அதற்காகவே புதியது நிலைபெறும் வரை பழையதைப் பக்கத்தில் வைத்திருப்பார்களாம். ஆழிக்கோட்டு நாடோ அதைச் சம்மட்டிக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றது.

ஒரு கணினியைத் தவிர. துறைமேட்டுக் காவற்கூடத்தில் புயல் அறிவிப்பு வந்து சேரும் கணினியில் கொற்றி பழையதை அழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கும்படி நாச்சியாரே பிற்பாடு அவளை வற்புறுத்தினார். மறக்கவில்லை, படகுகள் கடலில் இருக்கும்போது அழிக்கக்கூடாது என்றே அழிக்கவில்லை என்று அவள் விசாரித்தவர்களின் முகத்துக்கு நேரே சொன்னாள். அக்கணினியைப் பழைய கருநிரலில் எழுப்பியதும் வலை வந்தது. வந்த வேகத்தில் மாடத்து வானிலைக் கூடத்தின் எச்சரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. காலையிலிருந்து மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தவை அவை. கொற்றி படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினாள். சங்கு ஊதச் செய்தாள். மேட்டில் கரும்புகை எழுப்பச் செய்தாள். சுரபுன்னையின் படகுகள் எல்லாம் காற்றுக்கு முன்னே கரை சேர்ந்தன.

பவழத்திட்டு எதிரே உள்ளது. கண்ணுக்குத் தெரியும், சங்கொலிக்கு எட்டாது. அங்குள்ள அதிகாரி ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார். ஆகவே அங்கே எச்சரிக்கை இறங்கவில்லை. இக்கரையில் எழுந்த புகையை விழாப் புகை என்று எண்ணி, கரையில் நின்ற பெண்கள் இங்கே பார்த்துக் கையசைத்தார்களாம். அங்கிருந்து சென்ற படகுகளில் ஒன்றும் திரும்பவில்லை. கடல் கொண்டது என்று அவையில் படிப்பார்கள். வானிலைக் கூடம் சொன்னது, காற்று கொண்டுவந்தது, கேட்கவேண்டிய காதை மாடத்தின் ஆணை அறுத்துப் போட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கச் செய்க.

பிறகு ஆய்வுக்குழு வந்தது. வலை ஏன் அறுந்தது என்று கேட்க வந்திருக்கிறார்கள் என்று நம்பி, தீவு அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது. குழுத்தலைவர் கணினிதோறும் சென்று, பழைய கருநிரல் எங்கேனும் உயிரோடு உள்ளதா என்பது ஒன்றையே பார்த்தார். வலை செத்த கணினிகளுக்கெல்லாம் நன்று என்று குறியிட்டார். வலை உயிரோடிருந்த ஒன்றின் முன் நின்று, கண்டேன் துரோகத்தை என்றார். கொற்றி அதற்குள் தலைப்புக் கோப்புகளையும் இயக்கியின் மூல நிரலையும் இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்திருந்தாள். அதைக் கொண்டு ஏனைய கணினிகளையும், அடுத்துப் பவழத்திட்டையும் சரிசெய்யப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாழிகை பொறுத்தால் புதியதிலேயே இயக்கியைக் கட்டி வலையைக் கொண்டுவந்து காட்டுவதாகவும், காட்டியபின் பழையதைத் தன் கையாலேயே அழிப்பதாகவும் அவள் சொன்னாள். குழுவினர் பென் டிரைவைச் சான்றுப்பொருள் என்று துணியில் முடிந்து அரக்கிட்டார்கள். அவள் கத்திக்கொண்டிருக்கையிலேயே பழைய கருநிரலை அழித்தார்கள். அத்துடன் துறைமேடும் செவிடாயிற்று. வேலை முடிந்தது என்று கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

குழுத்தலைவர் உண்டு முடித்து வாசித்த ஆணையில், பவழத்திட்டின் அதிகாரிக்குக் கீழ்ப்படிதலைப் போற்றிப் பட்டும் பதக்கமும் உண்டு. கொற்றிக்குக் கற்சிறை உண்டு. கற்சிறைக்குள் போனவர் திரும்பி வந்ததை இந்நாட்டில் யாரும் கண்டதில்லை. காற்றுத் தணிந்ததும் அவளை ஏற்றிச்செல்லக் காவலர் துறையில் காத்திருக்கின்றனர். அவள் இப்போது நாச்சியாரின் மாளிகையில் இருக்கிறாள். சோற்றில் உப்பில்லை என்று சமையற்காரியோடு சண்டை பிடிக்கிறாள். சண்டை முடிந்ததும், அந்த முடிச்சை அவிழ்த்துத் தாருங்கள், பவழத்திட்டுக்கு இன்னொரு புயல் வருமுன் போயாக வேண்டும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்கிறாள்.

வேந்தர் இவ்விடத்தில் வழக்கத்தைச் சொல்வார். பழையது உடைபட்டே தீரவேண்டும், குலத்தின் கட்டளைக்கு அரசனும் அடங்கியவன் என்பார். ஆகையால் ஒரு நாளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அன்னையார் மறைந்து, அவருடைய முத்திரைகள் படியில் சம்மட்டிக்குக் காத்திருந்த நாளில், முடிசூட நின்ற இளையவர் தூணுக்குப் பின்னே அக்கையின் கையைப் பற்றிக்கொண்டார். எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் நாளை நான் தவறும்போது திரும்பிப் போக எனக்கு ஓர் இடம் இராது, ஒன்றையாவது ஒளித்து வை அக்கா என்று அழுதார். அக்கை ஒன்றை இடுப்பில் முடிந்துகொண்டார். உடைந்தவற்றைச் சரிபார்த்த அதிகாரி ஒன்று குறைகிறது என்று விழித்தபோது, எல்லாம் சரியாக உள்ளது போ என்று அவரை அனுப்பியதும் அவ்விளையவரே. கொற்றி செய்தது இதற்கு ஓர் இம்மியும் கூடுதலன்று. அவள் அழாமல் செய்தாள், அதுதான் வேறுபாடு.

ஆகவே சுரபுன்னைத் தீவின் நாச்சியார் அறிவிப்பதும் ஆணையிடுவதும் ஆவன. கொற்றி காவலரிடம் ஒப்புவிக்கப்படமாட்டாள். அரக்கை உடைத்துப் பென் டிரைவை அவள் கையில் தரும்படி துறைத்தலைவருக்குக் கட்டளை ஆயிற்று. துறைமேட்டைச் சரிசெய்ததும் அவள் பவழத்திட்டுக்குப் படகேறுவாள். இனி இத்தீவில் எந்தப் புதிய கருநிரல் ஏறினாலும், அதில் வலை வருவதைக் கண்ணால் கண்டபின்னரே பழையது அழிக்கப்படும். பழையதை வைத்திருப்பவர் துரோகி என்னும் ஆணை மாறாது நிற்குமாயின், கொற்றியோடு அக்கையும் கற்சிறைக்கு வருவார். ஒளித்து வைக்கச் சொன்னவருக்கும் பக்கத்தில் ஓர் அறையைத் துடைத்து வைக்கச் சொல்லுக.

கடலும் கரையும் உள்ளளவும் வேந்தர் வாழ்க. இது அரியநாச்சியார் ஓலை. வேறு கை பிரிக்கலாகாது. இதன் அடியில் அரக்கில் பதிந்திருப்பது இப்போது ஆள்பவரின் முத்திரை அன்று. விரலால் தடவிப் பார்த்தால் யாருடையது என்று தம்பிக்குத் தெரியும்.