மண்ணிலிருந்து வந்த இருமல்

என் உடம்பில் பாதியான தம்பி மனோகரனுக்கு,

நீ போன பிறகு கார்வேட்டிநகரத்தில் இரண்டாவது முறையாகக் கடலைக்காய் பிடுங்குகிறார்கள். ஊரெல்லாம் புழுதி. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேலூரில் என் கிட்னி ஒன்றை உனக்கு வைத்தபோது நீ முதலில் சொன்னது ஞாபகமிருக்கிறதா? "இனிமே ஒரு சொம்பு தண்ணிய முழுசா குடிக்கலாமாம்க்கா!"

உடம்பு அந்தக் கிட்னியைத் தள்ளிவிடாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். நோயை எதிர்க்கும் சக்தியை அது குறைக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் எந்த நோய், எங்கிருந்து வரும்? யாருக்குத் தெரியும்? மாத்திரையால் உன் முகம் உப்பியதைப் பார்த்து, "நல்லா சதை போட்டுகினான்பா" என்று ஊரே சந்தோஷப்பட்டது.

நிலத்துக்குப் போகாதே என்றேன். "இன்னாக்கா, உக்காந்துகினு துன்னுகினே இருக்க சொல்றியா?" என்று சிரித்துவிட்டு ஏர் ஓட்டப் போனாய்.

பிறகு இருமல், காய்ச்சல். சித்தூர் டாக்டர் எக்ஸ்ரே பார்த்து டி.பி. என்றார். ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது சோறு உன் விரலிடுக்கில் நழுவியது. "கை என் பேச்சு கேக்க மாட்டேன்துக்கா" என்றாய். அன்றே உன்னை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வேலூரில் சளியை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். "இது டி.பி. இல்லம்மா. மண்ணுல இருக்கிற கிருமி, புழுதியோட மூச்சுல போகும். நம்மள மாதிரி ஆளுங்கள ஒண்ணும் செய்யாது. இவருக்கு நுரையீரல்ல இருந்து மூளைக்கே போயிடுச்சு" என்றார் டாக்டர். அதற்கு மருந்து இருந்தது. ஆனால் அதைத் தொடங்கியபோதே நீ என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாய். கடைசியில் சர்ச் கல்லறைத் தோட்டத்தில், அதே மண்ணில்தானே உன்னை வைத்தோம்.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், வெதுருகுப்பத்தில் சுகுணா என்று ஒரு பெண். அவளுக்கு அவள் அம்மா கிட்னி கொடுத்திருக்கிறாள். இன்று பார்க்கப் போனேன். களத்தில் கடலைக்காய் உதிர்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே இருமினாள்.

"எத்தினி நாளா கீது?"

"லேசா சளிதாங்க்கா. மூணு வாரமா வந்துகினு கீது. டி.பி.யா இருக்கும்னு ஊசி போட்டுகினு கீறாங்க."

அவள் கன்னமும் உப்பியிருந்தது, தம்பி.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளை வேலூருக்கு அழைத்துப் போகிறேன். யார் தடுத்தாலும் சரி. டாக்டர் வாய் திறப்பதற்கு முன்னால் உனக்கு வந்தது என்னவென்று சொல்வேன். அந்தச் சளியை அவர்கள் பார்க்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்டா.

உன் கூடப்பிறந்த அக்கா,
ரூபி