வீட்டில் ஆள் இல்லை

திங்கள், காலை 8.10

வெளியே மைனஸ் 63. உள்ளே 19. துளையிடும் இயந்திரம் சீராக ஓடுகிறது. மண் மாதிரிகள் பெட்டியில்.

பின்னால் படிப்பவருக்கு: இது செவ்வாய்க் கோள். குடியிருப்பிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துளைக்கிணற்று வீடு. நான் பூங்கோதை, மண் ஆய்வாளர். கணவர் தணிகைவேல், துளையிடும் பொறியாளர். மின்சாரம் குடியிருப்பிலிருந்து கேபிளில் வருகிறது.

சுவர்களில் பேனல் ஹீட்டர்கள். அவற்றுக்குப் புது டைமர் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வட்டத் தட்டில் முள் செருகும் வகை மலிவு; ஆனால் தினமும் ஒரே நேரம்தான். அடுத்தது, கிழமைக்குக் கிழமை வேறு நேரம் குறிக்கும் புரோகிராமர். இன்னொன்று, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கைப்பட்டையை வைத்து அறிந்து, தானே முடிவெடுப்பது. எங்கள் ஷிப்டுக்குக் கிழமைவாரிப் புரோகிராமர் போதும். அதையே எழுதி அனுப்பினேன்.

புதன், மாலை 5.40

கைப்பட்டை வகையை மாட்டியாயிற்று. அவர்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

மாட்ட வந்தவள் மெர்லின், மின் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். என்னை அக்கா என்கிறாள். அவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

"தணிகை, உங்களுக்குத்தான் காலைக் குளிர் ஆகாதே. நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே இது ரூமைச் சூடாக்கி வச்சிடும்."

அவருக்குக் காலைக் குளிர் ஆகாது என்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையை மாட்டினாள். பிறகு என்னிடம், "அக்கா, கையைக் காட்டுங்க." தோல் அரிக்கும், வேண்டாம் என்றேன். அப்படி எதுவும் எனக்கு அரிப்பதில்லை.

சனி, பகல் 1.15

புது டைமருக்கு அவரை மட்டும்தான் தெரிகிறது. அவர் உள்ளே வந்தால் கூடம் சூடாகிறது. அவர் கிணற்றடிக்குப் போனால், குழாய் உறையாமலிருக்க வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்கிறது: 7. நான் அடுப்படியில்தான் நிற்கிறேன். பூஸ்ட் பொத்தானை அமுக்கினால் ஹீட்டர் இரண்டு மணி நேரம் எரியும். பிறகு மறுபடி அமுக்க வேண்டும்.

"நீயும் ஒண்ணு போட்டுக்கயேன், கோதை. எதுக்கு இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிற?"

"அவ மாட்டிவிட்டதை நீங்களே போட்டுக்குங்க."

அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

திங்கள், காலை 9.30

குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் நீரேற்று நிலையத்தில் இயந்திரம் பழுது. மெர்லின் அழைத்தாள், அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "புயல் வரும்போலத் தெரியுது. புதன்கிழமை சரக்கு வண்டியில ஏறிக் குடியிருப்புக்கு வந்துடு" என்றார். நான் மாதிரிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். முகச்சவரம் செய்திருந்தார். கிணற்றடிக்கு ஒரு நாளும் செய்துகொண்டதில்லை.

புதன், மாலை 4.05

ஓட்டுநர் இல்லாத சரக்கு வண்டி வந்தது, வாசலில் நின்றது, போய்விட்டது. நான் ஏறவில்லை. அவரே வந்து கூப்பிடட்டும்.

இப்போது மெர்லின் வானொலியில்: "அக்கா, வண்டியில ஏறிட்டீங்களா? புயல் வந்தா சோலார் படுத்துடும். ஆள் இல்லாத வீட்டுக்கெல்லாம் கரண்டை நிறுத்தப் போறாங்க. வீட்லதான் இருக்கீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, இங்கேர்ந்தே உங்களைப் பதிஞ்சிடறேன்."

அவளுக்குப் பின்னால் அவர் சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை. இந்த வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று.

வானொலியை அணைத்தேன். என் வீட்டில் நான் இருக்கிறேன் என்று அவளிடம் போய்ச் சொல்ல வேண்டுமா?

வியாழன், காலை 6.50

புயல். ஜன்னல் முழுக்கச் செந்தூசி. மின்சாரம் நின்றுவிட்டது. பூஸ்ட் பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் வலிக்கிறது. விளக்குகூட எரியவில்லை.

வானொலியைப் போட்டேன். அவசர பேட்டரியில் கேட்க முடிகிறது. பேச முடியவில்லை, அனுப்பும் கருவிக்கு அந்த மின்சாரம் பற்றாது. காற்றுக்குச் சிலிண்டர் இருக்கிறது. குளிருக்கு எதுவும் இல்லை.

உள்ளே 2.

வியாழன், மாலை

மைனஸ் 14. வெளியே போகும் உடைக்குள் இருக்கிறேன். அதன் சூட்டுக் கம்பிகள் மதியத்தோடு ஓய்ந்துவிட்டன. அவர் போர்வையையும் சுற்றிக்கொண்டேன். அவர் வாசனை. மெர்லின் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். இந்த நிலையிலும் பார்த்தேன்.

வெள்ளி

அவர் குரல்.

"கோதை, குடியிருப்புல எந்தப் பக்கம் தங்கியிருக்க? நாங்க இன்னும் நீரேற்று நிலையத்துலதான் மாட்டிக்கிட்டிருக்கோம். புயல்ல வெளிய வர முடியல. கோபத்துல பேச மாட்டேன்னு தெரியும். பரவால்ல. வீட்ல ஆள் இல்லைன்னு திரையில காட்டுது, அதுவே எனக்கு நிம்மதி. மெர்லின்தான் நச்சரிக்கிறா, அக்கா நிஜமா வண்டியில ஏறினாங்களா, யாராவது பார்த்தீங்களான்னு. ஏறியிருப்பா, விடுன்னு சொல்லிட்டேன்."

நான் இங்கேதான் இருக்கிறேன் என்று கத்தினேன். கருவியைக் கையால் அடித்தேன். அது கேட்க மட்டும்தான் செய்கிறது.

வெள்ளி, அப்புறம்

கை எழுத வரவில்லை. மறுபடி வானொலி; அவர் அணைக்க மறந்திருக்கிறார். தூரத்தில் அவள் குரல், அவரிடம் பேசுகிறாள். "இல்ல தணிகை, எனக்கு என்னமோ மனசு ஒப்பல. குடியிருப்புக்குப் போட்டு இன்னொரு தரம் கேட்டுடறேனே."

அவர்: "நீ வேற. சும்மா இரு."

சும்மா இருக்காதே. அவர் சொல்வதைக் கேட்காதே, மெர்லின். கேள். இன்னொரு தரம் கே