பாறையில் எதுவும் இல்லை

ஜனவரி 8

பத்தாம் வகுப்பைக் கடற்கரைப் பாறைக்கு அழைத்துப் போய்வந்தேன். வருடா வருடம் போவதுதான். சதுரக் கம்பியைப் பாறைமேல் வைத்து, அதற்குள் ஒட்டியிருக்கும் சிப்பி, நத்தைகளை எண்ணி எழுத வேண்டும். செய்முறைத் தேர்விலும் இதே பாறை, இதே வேலை. கையேட்டில் ‘ஒரு சதுரத்துக்குள் சுமார் பதினெட்டு’ என்று போட்டிருக்கிறது. அது அச்சான காலத்தில் மீன் பதப்படுத்தும் ஆலையின் கழிவுக் குழாய் அங்கே கிடையாது.

இன்று ஒன்றுகூட இல்லை. போன வருடம் நாலைந்தாவது இருந்தன. பாறை முழுக்கக் கறுப்பாக ஒரு வழவழப்பு. தொட்ட பிள்ளைகள் கையை மணலில் தேய்தேய் என்று தேய்த்தார்கள், நாற்றம் போகவில்லை.

“என்ன மிஸ் எழுதறது?”

“பார்த்ததை எழுதுங்க. பூஜ்யமும் ஒரு விடைதான்” என்றேன்.

என் மகளும் இந்த வகுப்புதான். பள்ளியில் அவளும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாறையில் கால் வழுக்கியதும் “அம்மா” என்று கத்திவிட்டாள். உடனே “சாரி மிஸ்” என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

ஜனவரி 9

தலைமையாசிரியரைப் பார்த்தேன். பாறையின் நிலைமையைச் சொல்லி, விடைக்குறிப்பை மாற்ற மேலே பேசுங்கள் என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“குறிப்புல பதினெட்டுன்னா, ரெண்டு முன்னபின்ன இருந்தாலும் மார்க் போடுவாங்க. ஒண்ணுமில்லைன்னு எழுதினா ஒண்ணும் போட மாட்டாங்க. கடல் செத்துப்போச்சுன்னு அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?”

“நீங்கதான் சார்.”

“எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு டீச்சர்.”

நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது வந்திருப்பேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியிருக்கிறது — ஆலைக்காரர்கள் பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக்கொடுத்த திறப்பு விழா. அதில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஜனவரி 20

இன்று கடல் மாசு பாடம். கழிவு சேரச் சேர நுண்ணுயிர் பெருகி, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு மற்றதெல்லாம் மூச்சுமுட்டிச் சாகும். முன் பெஞ்சு வாயாடி எழுந்தாள். “அப்போ பாடத்துல செத்த நத்தை பரீட்சையில மட்டும் எப்படி மிஸ் உயிரோட இருக்கு?”

“பரீட்சையிலும் பார்த்ததையே எழுது. நான் பார்த்துக்கறேன்.”

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன்? என் கையில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 3

மகள் கடலைப் பற்றித்தான் படிக்கப்போகிறாளாம். அதற்குப் பதினொன்றில் அறிவியல் பிரிவு கிடைக்க வேண்டும். செய்முறையில் கோட்டைவிட்டால் கிடைக்காது. சாப்பிடும்போது இவர் ஆரம்பித்தார்.

“ஊரான் பிள்ளைகளை வச்சு நீ கடலைக் காப்பாத்து, நான் வேணாங்கல. நம்ம பொண்ணை விட்டுடு.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “அப்போ ஊரான் பிள்ளைன்னா இளக்காரமா?” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பாத்திரம் தேய்க்கும்போது, அவர் சொன்னதில் என்ன தப்பு என்று தோன்றியது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

பிப்ரவரி 15

நாளை தேர்வு. பார்த்ததை எழுதுங்கள் என்று வகுப்பில் இன்னொரு முறை சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிப்ரவரி 16

காலையில் மகளுக்குத் தலை பின்னும்போது சொல்லிவிட்டேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அங்க என்ன இருந்தாலும் சரி, நீ பதினெட்டுன்னு எழுதிடு.”

“இது மிஸ் சொல்றதா, அம்மா சொல்றதா?”

“அம்மா.”

“ம்” என்று ரிப்பனை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் காரை விட்டே இறங்கவில்லை. மூக்கில் கைக்குட்டை, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே ஏசி. பிள்ளைகள் எழுதிய தாள்களை வாங்கி அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நடந்துகொண்டே புரட்டினேன். பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு. சூட்டிகையான சிலர் பதினேழு, பத்தொன்பது. வாயாடி இருபது. ஒருத்தி நத்தையின் படம் வரைந்து அழகாக நிழல் வேறு தீட்டியிருந்தாள். அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் என்னைப் போலவே பேசியிருக்கிறார்கள்.

கடைசித் தாள் என் மகளுடையது. பூஜ்யம். கீழே காரணம் — குழாய், கறுப்பு வழவழப்பு, ஆக்சிஜன். வகுப்பில் நான் சொன்னது சொல் மாறாமல் இருந்தது.

பேனா என் கையிலேயே இருந்தது. பூஜ்யத்தை அடித்துவிட்டு ஓர் எண்ணை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை. நேர்மையால் ஒன்றும் இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏண்டி இப்படிப் பண்ணின?”

“மிஸ் சொன்னதை எழுதினேன்.”

மே 19

முடிவு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அவளுக்கு ஒன்றும் போடவில்லை. அறிவியல் பிரிவுக்கு இரண்டு மார்க் குறைகிறது. மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா என்றேன். “அதே விடைக்குறிப்புதானே” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வாயாடிக்கு இடம் உறுதி. சாக்லேட்டோடு வந்தாள். “எல்லாம் உங்களாலதான் மிஸ்.” வாங்கித் தின்றேன். வேறென்ன செய்வது?

இவர் ஒரே வார்த்தைதான் கேட்டார். “திருப்தியா?”

ஜூன் 2

வணிகவியலில் சேர்த்தாயிற்று. பள்ளியும் வேறு.

ஜூன் 12

புதுப் பத்தாம் வகுப்பு. கையேட்டை மறுபதிப்புப் போட்டிருக்கிறார்கள். அட்டை நீலமாகியிருக்கிறது, உள்ளே அதே பதினெட்டு.

வகுப்புக்குப் போகுமுன் தலைமையாசிரியர் கூப்பிட்டு, “உங்க பொண்ணுக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்க வேணாம் டீச்சர்” என்றார். குத்திக்காட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கும் தெம்பில்லை. வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பதினெட்டின் கீழ் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன். நானும் என் பிரதியில் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். மகள் மேசைமேல் கிடந்த கையேட்டை எடுத்துப் புரட்டினாள். அந்தக் கோட்டில் விரலை வைத்தாள்.

“இது மிஸ் சொன்னதா, அம்மா சொன்னதா?”

“மிஸ்” என்றேன்.

கையேட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு, “பால் பொங்குது” என்றாள். அம்மா என்றும் சொல்லவில்லை, மிஸ் என்றும் சொல்லவில்லை.