நிலத்துக்காரரின் வாழைப்பழம்

என்னங்க,

மாடியில் குடியிருக்கும் பெண் இன்று சாயங்காலம் கொசுவத்திச் சுருளைக் கொளுத்திப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். புகை நேராக என் அடுப்படிக்கு வந்துவிட்டது. மற்றப் பெண்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த புருஷன் மல்லிகை வாசத்திலோ விபூதி வாசத்திலோ நினைவுக்கு வருவாராம். எனக்கு நீங்கள் கொசுவத்தி வாசத்தில்தான் வருகிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். வருகிறீர்களே, அதுவே பெரிது.

மூணாங்கிளாஸோடு நின்றவள் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று சிரிப்பீர்கள். உங்களுக்கு எழுதினால் தப்புக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப முடியாதே, அந்தத் தைரியம்தான்.

அந்தப் புகை என்னை ஓசூரிலிருந்து தூக்கிக்கொண்டுபோய்ச் சயாமில் போட்டது. இப்போது தாய்லாந்து என்கிறார்கள். மாடிப் பெண்ணின் புருஷன் வேலை செய்யும் கம்பெனியில் வருஷம் ஒரு முறை அந்த ஊருக்கு விமானத்தில் கூட்டிப்போகிறார்களாம். நாங்கள் அறுபதுகளிலேயே காரில் போய் வந்தவர்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. விடுதி எப்படி இருந்தது என்று கேட்டாள். தோட்டம் நன்றாக இருந்தது, கட்டிலுக்கடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது என்றேன். அதற்குப் பிறகு சுத்தமாக நம்பவில்லை.

மலாயாவில், கெடாவில் ரப்பர் தோட்டத்துத் துரைக்கு நீங்கள் டிரைவர். பதினெட்டு வயதில் இந்த ஓசூருக்குப் பக்கத்துத் தளியிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறி வந்தவர். நான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். நமக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

“துரை மூணு நாள் லீவு குடுத்திருக்காரு. பழைய காரையும் எடுத்துக்கச் சொன்னாரு. சயாம் போலாமா?”

“துரைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும் ஒரு நக்கலு உனக்கு” என்று துண்டை உதறினீர்கள்.

நக்கல் இல்லை. காரணம் எனக்கு ஏற்கெனவே தெரியும். அதற்கு முந்தின வாரமே தண்ணீர்க் குழாயடியில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டம்மா என் காதைக் கடித்துவிட்டாள். அந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு நீல அட்டை, வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரர்களுக்கு இனிமேல் வேலைச் சீட்டு கிடைக்காது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று பேச்சு. உங்களுடையது சிவப்பு. என்னுடையது நீலம். நீங்கள் போயே ஆக வேண்டும். நான் இருக்கலாம்.

நம் கல்யாணத்தில் என் அம்மா உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நகையா கேட்டாள்? “என் பொண்ணைக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போயிடாதீங்க” என்றாள். நீங்களும் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டல்தான் இப்போது உங்கள் தொண்டையில் நிற்கிறது, நல்ல இடமாகப் பார்த்து நல்ல விதமாகக் கேட்கலாம் என்றுதான் துரையிடம் காரை இரவல் வாங்கியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அதைக் கடைசி வரைக்கும் உங்களிடம் நான் சொல்லவில்லை. குழாயடியிலேயே நான் முடிவு பண்ணிவிட்டேன், வரமாட்டேன் என்று. பார்த்தே இராத ஊர், பார்த்தே இராத மாமியார். இங்கே அம்மா ஒண்டியாக இருக்கிறாள். நீங்கள் எப்போது வாயைத் திறக்கிறீர்களோ அப்போது ‘மாட்டேன்’ என்று சொல்லத்தான் காரில் ஏறினேன். புதுப் புடவை வேறு கட்டிக்கொண்டு ஏறினேன். எப்படி இருக்கிறது?

எல்லைச் சாவடியில் என் அட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். உங்களுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். திரும்பி வருவதற்கு நீங்கள் தனியாக வாங்கி வைத்திருந்த சீட்டை மூன்று பேர் படித்தார்கள். உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “என்ன இப்படி வேர்க்குது?” என்றேன். “வெயிலு” என்றீர்கள். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

ஹாட்யாய் ஊரைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகிற சாலையில் இருந்தது அந்த விடுதி. விடுதி என்ன விடுதி, ரம்புத்தான் மரங்களுக்கு நடுவே கால் முளைத்த ஆறு மரக் குடிசைகள். வழியெல்லாம் செம்பருத்தி. குளிக்க ஒரு பெரிய ஜாடித் தண்ணீர், மொண்டு ஊற்ற ஒரு தகரக் குவளை. கொசுவலையில் கொசு வந்து போக வசதியாக ஓட்டைகள். இருந்ததிலேயே மலிவான இடம் அதுதான். ஆனால் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததும் குடிசைக்குப் போகாமல் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். ரப்பர் மரத்தை வரிசை வரிசையாகப் பார்த்தே வளர்ந்தவள். வரிசையில் நிற்காத மரங்களை அன்றுதான் கூட்டமாகப் பார்த்தேன்.

அங்கே படியேறும்முன் செருப்பைக் கழற்ற வேண்டும். நீங்கள் மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்றி ஒழுங்காக வைத்தீர்கள். அந்த வீட்டு நாய் அதில் ஒரு ஷூவைக் கவ்விக்கொண்டு ஓடியது. துரத்திக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தீர்கள். நாய் கிடைக்கவில்லை. வாசலோரம் கம்பத்தின் மேல் ஒரு குட்டி வீடு கண்ணில் பட்டது. ஓடு வேய்ந்த கூரை, குட்டி ஏணி, உள்ளே ஒரு சின்னக் கோப்பையில் தேநீர், இரண்டு வாழைப்பழம், ஒரு பூச்சரம்.

“பாத்தியா, வர்றவங்களுக்குன்னு வச்சிருக்காங்க. என்ன மரியாதை” என்று ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். இன்னொன்றை எனக்கு நீட்டினீர்கள். வெளியூர்க்காரர் நம் பக்கம் வந்து மாரியம்மனுக்கு வைத்த பழத்தைத் தின்றால் சும்மா விடுவீர்களா?

விடுதிக்கார அம்மா வெளியே வந்து பார்த்தாள். வாயில் கையை வைத்தாள். நல்லவேளை, எல்லைப் பக்கத்து ஆள் என்பதால் மலாய் பேசினாள். “அது இந்த நிலத்துக்காரரோட பழம்” என்றாள். நிலத்துக்காரர் எங்கே, காசு கொடுத்துவிடுகிறேன் என்று சட்டைப்பையில் கையை விட்டீர்கள். அவள் சிரித்துவிட்டாள். நிலத்துக்காரர் கண்ணுக்குத் தெரியமாட்டாராம். நமக்கு முன்னாலிருந்தே அந்த மண்ணுக்குச் சொந்தக்காரராம். யார் தங்க வந்தாலும் அவரிடம் வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம், கிளம்பும்போதும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டுமாம். சொல்லாமல் போகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காதாம்.

கையில் தோலை வைத்துக்கொண்டு நீங்கள் நின்ற நிற்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு வலிக்கிறது.

இருட்டும் நேரம் அவள் கொசுவத்திச் சுருளை ஏற்றிக் கட்டிலடியில், கோழிக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். நீங்கள் மூன்று தரம் தொண்டையைக் கனைத்தீர்கள். முதல் தரம், “இந்தக் கோழி முட்டை எத்தனை வச்சிருக்கும்?” என்றீர்கள். இரண்டாம் தரம், கொசுவலை ஓட்டைகளை எண்ணிச் சொன்னீர்கள். மூன்றாம் தரம் நானே, “என்னமோ சொல்ல வந்தீங்களே” என்று எடுத்துக் கொடுத்தேன். “ஒண்ணுமில்ல, ஷூ போச்சேன்னு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

மறுநாள் காலை நான் ஜாடியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். செம்பருத்திச் செடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் பேசுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அந்தக் குட்டி வீட்டுக்கு முன்னால் புதிதாக வாங்கிய இரண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒற்றை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். பேசியது கன்னடத்தில்.

உங்கள் வீட்டில் பேச்சு தமிழ், சண்டையும் சாமியும் கன்னடம். எனக்குத் தெரியக்கூடாததையெல்லாம் நீங்கள் கன்னடத்தில்தான் வைத்திருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சாப்பிட வருவாரே, இருவரும் என் எதிரிலேயே உட்கார்ந்து, “சாரிகெ நீரு ஜாஸ்தி” என்று என் ரசத்தில் தண்ணீர் கூடியதைப் பேசிக்கொண்டு, என்னிடம் “பிரமாதம்” என்பீர்கள். காருக்கடியில் படுத்துக்கொண்டு கன்னடத்தில் காரைத் திட்டுவீர்கள். ஸ்பானர் எடுத்துக்கொடுத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யார்? ஐந்து வருஷத்தில் ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி முழுசாகச் சேர்த்துவிட்டேன். புரிகிறது என்று காட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சந்தோஷம் வேறு எதில் கிடைக்கும்?

அன்றைக்கு நீங்கள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“நிலத்துக்காரரே, நேத்து தெரியாம உங்க பழத்தத் தின்னுட்டேன். மன்னிச்சுக்குங்க. நான் ஊருக்குத் திரும்பிப் போகணும். அவ நீல அட்டைக்காரி, அவ இங்கயே இருக்கலாம். அவ அம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன், அதனால வான்னு கூப்பிட எனக்கு வாய் வரல. அவ வரணும்னு உங்ககிட்ட நான் கேக்க மாட்டேன். அது அவ இஷ்டம். நான் சொல்றப்ப அவ அழுதுடக் கூடாது. அது மட்டும் பாத்துக்குங்க. அவ அழுதா எனக்கு ஒண்ணும் ஓடாது.”

தகரக் குவளை என் கையிலேயே இருந்தது. அதிலிருந்த தண்ணீர் சிந்திப் புதுப் புடவை நனைந்துபோனது. ‘வரமாட்டேன்’ என்ற வார்த்தையைக் கெடாவிலிருந்து அவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். அதை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அவளை எனக்குக் கொடு என்று நீங்கள் சாமியிடம் வரம் கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

செடியைச் சுற்றிக்கொண்டு வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். “நானூ பர்த்தீனி, ரீ” என்றேன். நானும் வருகிறேன் என்று, உங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே.

திரும்பினீர்கள். நிலத்துக்காரரே பேசிவிட்டார் என்று நினைத்த முகம். பிறகு நீங்கள் கேட்ட முதல் கேள்வி இது.

“அப்போ, ரசத்தப் பத்திப் பேசுனதெல்லாம்?”

“அதுவும்தான்” என்றேன்.

“அடிப்பாவி” என்று ஏணி வைத்த அந்தக் குட்டி வீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டது நீங்கள்தான், நான் இல்லை.

கிளம்பும்போது இரண்டு பேருமாக நிலத்துக்காரரிடம் சொல்லிக்கொண்டோம். கெடா வரைக்கும் வெறுங்காலோடு கார் ஓட்டினீர்கள்.

அம்மாவிடம் நீங்கள் போய்ச் சொல்கிறேன் என்றீர்கள். வேண்டாம் என்று நானே போனேன். ரப்பர்ப் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கழுவி முடித்தாள். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வாக்குக் குடுத்தது அவரு. நீ ஒண்ணும் குடுக்கலியே” என்றாள். அவ்வளவுதான். கப்பலடிக்கு அவள் வரவில்லை. பிறகு நான் அவளைப் பார்க்கவும் இல்லை. கடிதம் வரும், யாராவது எழுதிக் கொடுத்தது. கடைசியாக வந்தது, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று யாரோ எழுதியது. நீங்கள்தான் படித்துச் சொன்னீர்கள்.

தளிக்கு வந்த முதல் நாள் குளிரில் என் பல்லெல்லாம் தந்தியடித்தது. உங்கள் அம்மா ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, பக்கத்து வீட்டாளிடம் கன்னடத்தில், “பொண்ணு கறுப்பு, ஆனா களை” என்றாள். நானும் கன்னடத்திலேயே, “உங்க பையனைவிடப் பரவால்ல அத்தை” என்றேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு மறைத்துப் பேச ஒரு பாஷை மிச்சமில்லை, தெலுங்கைத் தவிர. ஓசூருக்குக் குடிவந்து இரண்டு வருஷத்தில் அதையும் மார்க்கெட்டில் பிடித்துவிட்டேன்.

கம்பெனி பஸ் ஓட்டிச் சேர்த்த காசில் இந்த வீட்டைக் கட்டினபோது, பூஜையறை எழும்புவதற்கு முன்னாலேயே கொல்லையில் ஒரு கம்பத்தை நட்டு, அதன்மேல் பலகையில் ஒரு குட்டி வீடு அடித்து வைத்தீர்கள். கூரை கோணல். ஏணி வைக்க மறந்துவிட்டீர்கள். பார்த்தவர்களெல்லாம் குருவிக்கூடு என்றார்கள். “நிலத்துக்காரரு வீடு” என்பீர்கள். பத்திரப்பதிவில் தகராறு போல என்று நினைத்துக்கொண்டு போவார்கள். சானமாவு காட்டு வழியில் யானை குறுக்கே வந்து பஸ்ஸை நிறுத்திய நாட்களில்கூட, திரும்பி வந்ததும் முதலில் கொல்லைக்குப் போய் வந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வருவீர்கள்.

மகளுக்கும் மருமகனுக்கும் அதையே போதித்தீர்கள். எங்கே போனாலும் சொல்லிக்கொண்டு போகணும் என்று. கடைசியில் யார் சொல்லாமல் போனது? போச்சம்பள்ளி ஷெட்டில் பஸ்ஸை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கில் தலை வைத்தவர் எழுந்திருக்கவில்லை. காலையில் டிபன் டப்பாவை வாங்கும்போது, “இன்னிக்கும் தண்ணி ரசமா?” என்றீர்கள். அதைச் சொல்லிக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

அன்றைக்கு நான் அழவில்லை. தெருவே பேசியது. கல்நெஞ்சுக்காரி, வெளிநாட்டில் பிறந்தவள் அப்படித்தான் என்றார்கள். மகள்கூடக் கோபித்துக்கொண்டாள். ஒரு ஒற்றை ஷூவைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் கன்னடத்தில் கேட்டதை அவர்களுக்கு எப்படி விளக்குவேன்? கப்பலிலும் அழவில்லை, அம்மா கடிதத்துக்கும் அழவில்லை. நீங்கள் என்னிடம் கேட்டதே இல்லை, அவரிடம்தான் கேட்டீர்கள். அவர் சார்பில் நான் பார்த்துக்கொண்டேன்.

இப்போதும் காலையில் ஒரு பழம் வைக்கிறேன். அணில் கொண்டுபோகிறது. மகள் வீட்டுக்குப் பெங்களூர் போகும்போதும், பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போகும்போதும், கம்பத்தடியில் நின்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். மாடிப் பெண், “என்ன மந்திரம்மா அது, எனக்கும் சொல்லிக்குடுங்க” என்கிறாள். முதலில் ரசம் வைக்கக் கற்றுக்கொள் என்றேன்.

இன்றைக்கு இந்தப் புகையில் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்துவிட்டது. நிலத்துக்காரர் கேட்டால் கொசுவத்தி என்று சொல்லிவிடுங்கள். கேட்கமாட்டார். தினம் பழம் வாங்கிக்கொள்கிறாரே.