நான் எழுதிய முதல் வரி

அக்கா,

இன்று போடியில் டியூஷன் முடிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி 'ஐ ஆம் ஹேவிங் டிஃபிகல்ட்டி இன் வாக்கிங்' என்று எழுதியிருந்தாள். எனக்கு நடப்பதில் சிரமம் இருக்கிறது. சரியான வாக்கியம்தான். மதிப்பெண் போட்டேன். அடுத்த தாளை எடுக்கக் கை போகவில்லை.

நம்மூர் சிலமலையிலிருந்து ஜீப்பேறி நீ கேரள மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வந்த நாட்கள். காய் மூட்டையோடு இறங்கும் சரிவை மழை அரித்துப் போட்டிருந்தது. மூன்று பெண்கள் விழுந்திருந்தார்கள். நீ நாலாவது. முழங்காலில் பற்றுப் போட்டுக்கொண்டு, கல்லூரியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாய்.

"ஏ தொரை, பேனாவ எடு. அந்தச் சரிவுல படி வெட்டித் தரச் சொல்லி ஆபீசுக்கு எழுது. இங்கிலீசுல எழுது, அப்பத்தான் படிப்பானுக."

"எல்லாரு பேரையும் போடவா?"

"மத்தவளுக பயப்படுறாளுக. எம்பேர மட்டும் போடு. வெரசா எழுது, எனக்குச் சோலி கெடக்கு."

'மூட்டை சுமப்பதில் எனக்குச் சிரமம் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். படியைப் பற்றிக் கடைசியில்தான் எழுதினேன். உனக்குப் படித்துக் காட்டவில்லை.

"வெவரமா எழுதிட்டயா?"

"ஒரு தப்பும் இருக்காதுக்கா."

கையெழுத்துப் போட்டாய்.

தோட்டத்து மேலாளர் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார். "வய்யெங்கில் வரண்ட" என்று மலையாளத்தில் சொன்னாராம். முடியாவிட்டால் வராதே. வழி பழுதென்று சொல்லப் போனவளை, ஆள் பழுதென்று அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வாக்கியத்தை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

நீ என்னைத் திட்டவில்லை. "விடுடா அப்பு, மலையில வேற தோட்டமா இல்ல" என்றாய். போடிமெட்டுக்கு அப்பால், தூரத்தில் ஒன்று கிடைத்தது. எட்டுப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேர். இரண்டாவது வாரம் அது ஒரு வளைவில் கவிழ்ந்தது. உன்னை அடக்கம் செய்த மறுநாள், அதே ரோட்டில் அதே கூட்டத்தோடு ஜீப்புகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வருவதில்லை.

மனு எழுத இன்றும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். முந்தாநாள் ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவர் வேலை செய்யும் தோட்டத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை.

"எங்களுக்கு ரொம்பச் செரமமா இருக்குன்னு எழுது தம்பி."

என்ன இல்லை, யார் கட்டித்தர வேண்டும் என்று மட்டும் எழுதினேன். வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"எல்லாஞ் சரி. எங்க செரமத்தக் காணமே?"

"அது அவுங்க கைக்குப் போக வேண்டாங்க்கா" என்றேன்.