அவர் சொல்லும் முன்னே

அன்பான என் குட்டச்சிக்கு,

இங்கே நம் பெண்ணும் உன் தங்கையும் சுகம். நானும் சுகம்தான், வயிறு மட்டும் ஒரு மாதமாக எரிகிறது. மருந்துக் கடையில் விற்கிற எதற்கும் அது அடங்காது. ஏன் என்று உனக்கே தெரியும். தெரியாதது போல நடிக்காதே.

போன் இருக்கும்போது இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் மிஞ்சுகிறது. உனக்கு ஒரு பார்சலும் அனுப்ப வேண்டியிருந்தது. நம் டிப்போ பஸ் ஒன்று உன் டிரைவர் பயிற்சி மையத்துப் பக்கம் வருகிறது, அதன் டிரைவரிடம் இரண்டையும் கொடுத்தனுப்புகிறேன். பார்சலை அவசரப்பட்டுப் பிரிக்காதே. முதலில் இதைப் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே பேசியதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பஸ்ஸை ரிவர்ஸில் எடுத்து இரண்டு கம்புகளுக்கு நடுவே நிறுத்துகிற பரீட்சையில் மறுபடியும் கம்பைச் சாய்த்துவிட்டாய். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு. அதிலும் தவறினால் டிரைவர் வேலை கிடையாது. அதுவரை இருப்பானேன் என்று, "நீங்க வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே பெட்டியைக் கட்டிடறேன்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருந்தது? உள்ளுக்குள் ஒரே குஷி. அன்றைக்கு நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டதை உன் தங்கை போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அழுகைக்கு நடுவிலும் உன் ட்ரெய்னர் புராணத்தை விட்டாயா? கம்பு சாய்ந்ததும் கூடப் பழகுகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். அவர் மட்டும் சிரிக்காமல் ஜன்னலோரம் வந்து, "கீப் அட் இட்" என்றாராம். அந்த வார்த்தையில்தான் இத்தனை நாள் வண்டி ஓடியதாம், இப்போது அதுவும் போதவில்லையாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, நான் சொன்ன எந்த வார்த்தையிலாவது உனக்கு வண்டி ஓடியதுண்டா?

அது என்ன பெரிய மந்திரம் என்று உன் தங்கையிடம் கேட்டேன். ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்க இங்கிலீஷ் பேசுகிறவள் அவள்தானே. "விடாம செய்யுங்கன்னு அர்த்தம், மாமா" என்றாள். அட, இவ்வளவுதானா! அந்த ஆள் வாயில் வருவது என் வாயில் வராதா என்று நானும் பழக ஆரம்பித்தேன். ஷேவிங் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். நம் பெண் பயந்துபோய், அப்பா தனியாகப் பேசுகிறார் என்று சித்தியைக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை டிப்போவில் ஸ்டோர்கீப்பருக்கு வழியனுப்பு விழா. எல்லோரும் வரிசையாகக் கை கொடுத்தோம். என் முறை வந்ததும், இதுதான் சமயம் என்று அவர் கையைக் குலுக்கி, "கீப் அட் இட், சார்" என்று சத்தமாகச் சொன்னேன். மனுஷர் ரிட்டையர் ஆகிப் போகிறார்! "எதைய்யா விடாம செய்யச் சொல்ற, தூங்கறதையா?" என்று கேட்டார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இப்போது டிப்போவில் எனக்குப் பெயரே கீப் அட் இட்தான். என் மானம் போனதற்கும் உன் ட்ரெய்னர்தான் காரணம்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். உன் தங்கை சிரித்து ஓய்ந்த பிறகு, "மாமா, அதை எல்லார்கிட்டயும் சொல்லிட முடியாது. கஷ்டப்பட்டு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறவங்ககிட்டதான் சொல்லணும். அவங்க ஜெயிக்கணும்னு உங்களுக்கும் ஆசை இருக்கணும்" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, அக்காவிடம் சொன்னீர்களா என்றும் கேட்டுவைத்தாள்.

எப்படிச் சொல்வேன்? எனக்கு உன் மேல் பொறாமை. அந்த ஆள் மேல் கால் பங்கு என்றால் உன் மேல் முக்கால் பங்கு. டிரைவர் ஆக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது நான். கண் பரிசோதனையிலேயே என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து மற்றவர்கள் உட்கார்ந்து ஓட்டச் சீட் தைக்கிறேன். இனி நீ முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடிப்பாய், நான் பின்னால் கிழிந்த சீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, போ.

நேற்று சாப்பாட்டு வேளையில் நீ அனுப்பிய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். உன்னைப் பார்க்க இல்லை, அந்த ஆளைப் பார்க்க. கூரை போட்ட ஷெட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி எதற்கு? மீசையை முறுக்கிக்கொண்டு பஸ் கதவில் சாய்ந்து நிற்கிற தோரணையைப் பார்! அவரைத் திட்டி முடித்த பிறகுதான் கண் உன் பக்கம் போனது. நீ சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, கால் நுனியால் கிளட்சை எட்டி மிதித்துக்கொண்டிருக்கிறாய். முதுகு சாய்மானத்தில் படவே இல்லை, நடுவே ஒரு சாண் இடைவெளி. இப்படி உட்கார்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு ஒரு பக்கம் சரியும், கண்ணாடியில் தெரிகிற கம்பும் இடம் மாறும். உன் மேல் தப்பே இல்லை, குட்டச்சி. நாங்கள் தைக்கிற டிரைவர் சீட் எல்லாம் நெட்டையான ஆட்களின் அளவு.

கண்டுபிடித்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வேறு நினைப்பு ஓடியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வெள்ளிக்கிழமை நீ தவறுவாய், சனிக்கிழமை வீட்டில் இருப்பாய், யாருக்கும் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வரை ரெக்சினைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கம்பு சாய்ந்தபோது அவர்கள் சிரித்தார்கள் என்றாயே, அது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. என் பெண்டாட்டியைப் பார்த்து எவன் சிரிப்பது? கத்தரிக்கோலை எடுத்தேன்.

பார்சலில் இருப்பது முதுகு மெத்தை. தடித்த பக்கம் கீழே, இடுப்புக்கு வர வேண்டும். இரண்டு வாரையும் சீட்டுக்குப் பின்னால் இழுத்து முடிச்சுப் போடு, இல்லாவிட்டால் நழுவும். வெள்ளிக்கிழமைக்குள் நாலு தடவையாவது அதில் உட்கார்ந்து ஓட்டிப் பழகு. ட்ரெய்னரிடம் காட்டி அனுமதி கேட்டுக்கொள். யார் தைத்தது என்று அவர் கேட்டால், எங்க வீட்டுக்காரர் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்.

நீ தேறி வந்தாலும் என் வயிறு எரியத்தான் போகிறது. அது என் பாடு. பெட்டியைக் கட்டாதே. நீ கேட்ட அந்த 'வா'வை இப்போது சொல்ல மாட்டேன். நம் டிப்போவில் நீ பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற அன்றைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வா, வா என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. வெள்ளிக்கிழமை நீ ஏறி உட்கார்ந்ததும் அந்த மீசைக்காரர் ஜன்னலோரம் வருவார், அந்த வார்த்தையைச் சொல்வார். சொல்லட்டும், நல்ல மனுஷர்தான். ஆனால் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தின் கடைசி வரியை இன்னொரு முறை படித்துவிட்டுப் போ. அவர் சொல்வது இரண்டாவதாக இருக்கட்டும்.

கீப் அட் இட், குட்டச்சி.

இப்படிக்கு,
உன் சீட்டுக்காரன்