உன் கூரைக்கு அறுபது டிகிரி, அண்ணா

என் செல்ல அண்ணா,

நீ எழுப்பிய கூரை அப்படியே நிற்குது! ஒரு கழியைக்கூட அறுக்கவில்லை. யாரிடம் முதலில் சொல்வது என்று தெரு முழுக்க ஓடினேன். கடைசியில் உன்னிடம்தான் சொல்லணும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சாமை உரிக்கிற மெஷினுக்காக எங்கள் மகளிர் குழுவுக்கு நீ போட்ட கொட்டாய். ஷீட்டு அடிப்பதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. போன வாரம் மெஷின் வருதென்று சேதி வந்ததும், ஒடுகத்தூரிலிருந்து ஷீட்டு மேஸ்திரியை வரவழைத்தோம். அவர் ஏறி உச்சியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ கூரா கட்டிக்கிறாரு? ரெண்டு சரிவும் சேர்ற உச்சிய மூடறதுக்குக் கடைல கீற முகட்டு ஷீட்டு எதுவும் இதுக்கு உக்காராது. மடிச்சி தரணும்னா உச்சி எத்தினி டிகிரின்னு சொல்லணும். இல்லன்னா கழிய அறுத்து எறக்கிட்றேன்."

கடைக்குப் போன் போட்டேன். மெஷின் வரும் வண்டியிலேயே முகட்டையும் ஏற்றலாம், சாயங்காலத்துக்குள் டிகிரியைச் சொல்லுங்க, தப்பாக மடித்தால் தகடு வீண் என்றார்கள். நீ கடைசியாகத் தொட்ட வேலை. அதில் ரம்பம் வைக்க விடுவேனா?

முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றெண்பது என்று எட்டாவதில் படித்தது ஞாபகம் வந்தது. ஆனால் கையில் ஒரு கோணமும் இல்லையே! மேஸ்திரியும் அதையே சொன்னார்: "ரெண்டு தெரிஞ்சாதாம்மா மூணாவது வரும்."

அப்போதுதான் மூலையில் சாத்தியிருந்த உன் அளவுக்கோல் கண்ணில் பட்டது. எதை வெட்டினாலும் அந்தக் கோல்தானே உனக்கு? வேற அளவே தெரியாதா என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! நீயும் சளைக்காமல் சொல்வாய்: "எல்லாத்தயும் ஒண்ணா வெட்னா எதை எங்க வெச்சாலும் சேரும். உனுக்கு இன்னா இப்போ?"

ஓடிப்போய் அளந்தேன். இந்தப் பக்கச் சரிவு இரண்டு கோல். அந்தப் பக்கமும் இரண்டு. அடியில் குறுக்கே போகும் கழி? அதுவும் இரண்டு!

ஒரே நீளத்தில் மூன்று துடைப்பக்குச்சி ஒடித்தேன். அட்டைமேல் முக்கோணமாக வைத்து, வெட்டி எடுத்து, அதையே தரையில் வைத்துக் கோடு போட்டேன். அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தேன். எந்த மூலையை மேலே வைத்தாலும் அதே கோட்டில் உட்கார்ந்தது. அப்படியென்றால் மூன்று கோணமும் ஒன்றுதானே? நூற்றெண்பதை மூன்றாகப் பங்கு போட்டேன். அறுபது!

கடைக்குப் போன் போட்டுக் கத்தியே சொன்னேன். "எப்டிம்மா கண்டுபுடிச்ச?" என்று மேஸ்திரி கேட்டார். "எங்கண்ணா சொன்னாரு" என்றேன்.

சரிவு ஷீட்டையெல்லாம் மேஸ்திரி முன்பே அடித்து முடித்திருந்தார். இன்று காலை மெஷினோடு முகடும் வந்தது. உச்சியில் வைத்ததும் அப்படியே உட்கார்ந்தது, ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. கைதட்டிக் குதித்தேன், அப்புறம் அழுதேன். மத்தியானம் நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் உனக்குக் கேட்டதா?

மூட்டை வைக்க இன்னொரு கொட்டாய் போடப்போகிறோம். உன் கோல் என்னிடம்தான் இருக்கு. எல்லாக் கழியையும் அந்த அளவுக்கே வெட்டச் சொல்வேன். எவள் கேலி செய்தாலும், நீ சொன்ன பதிலையே சொல்வேன்.

உன் வாயாடித் தங்கச்சி,
மல்லிகா